கோரைப்பல்லும் ரெண்டு இந்துஸ்தானியும்

அன்னைக்கு எனக்குக் குடுத்தது ரொம்பச் சின்னச் சோலி. போடிச் சந்தையில பல்லுப் புடுங்குற ஆளு ஒருத்தர் வந்திருக்காரு, அவரை மலைக்குக் கூட்டிட்டு வரணும். அம்புட்டுத்தான்.

ரயிலு இன்னும் போடிப் பக்கம் எட்டிப் பாக்காத காலம் அது. எனக்கு ஊரு சிலமலை, பேரு வீரணன். குரங்கணிக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல ஆளுகளை வேலைக்கு ஏவிக்கிட்டு, பறிச்ச காயைக் காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

தோட்டத்து மொதலாளிக்கு மேல்வரிசையில கோரைப்பல்லு சொத்தை. கன்னம் வீங்கி ஒரு கண்ணையே மூடிருச்சு. புகையிலை வச்சாரு, உப்புத்தண்ணி கொப்புளிச்சாரு, ஒண்ணும் கேக்கல. கஞ்சியைக்கூட ஒரு பக்கமாச் சாய்ச்சுத்தான் ஊத்திக்கிட்டாரு. மட்டக்குதிரையில ஏறிக் கீழ போகலாம்னா, குதிரை ஒரு எட்டு வைக்கயில பல்லுல இடி எறங்குதுங்குறாரு.

அந்த வலி அவரோட நின்னா பரவாயில்ல. எங்க எல்லாருக்கும் பங்கு வச்சாரு. காயைப் பெரட்டுனா ஏண்டா பெரட்டுறேம்பாரு. பெரட்டாட்டி ஏண்டா பெரட்டலைம்பாரு. பறிப்புக்கு வந்த பொம்பளையாளுக எல்லாம், இந்த மனுசன் வாயி சரியாகாட்டி நாங்க மலையை விட்டு எறங்கிருவோம்னு சொல்லிட்டாக. அவுக எறங்கிட்டா காயி செடியிலயே பழுத்து வெடிக்க வேண்டியதுதான்.

இந்த நேரத்துல தான் சேதி வந்துச்சு. காசிப் பக்கத்து ஆளு, ராமேசுவரம் போயிட்டுத் திரும்புறவரு, போடிச் சந்தையில ஒக்காந்து காதுல அழுக்கெடுக்குறாரு, பல்லுப் புடுங்குறாரு, கை பட்டதே தெரியலன்னு. ஆனா இந்துஸ்தானி தவிர வேற பாஷை தெரியாதாம்.

எல்லாரும் சும்மா நின்னாக. நான் சும்மா நிக்கல. "எனக்கு இந்துஸ்தானி தண்ணி பட்ட பாடு மொதலாளி"ன்னேன்.

சொன்னது முழுப்பொய்யும் இல்ல. திருச்சினாப்பள்ளிப் பட்டாளத்துக் குதிரை லாயத்துல கொஞ்ச காலம் சாணி அள்ளியிருக்கேன். அங்க லாயத்துக்குப் பெரியாளு வேலூருக்காரரு, காசிம் பாய். அவரு பேசுறது இந்துஸ்தானி. கூடவே கெடந்ததுல எனக்கும் ஒட்டிக்கிச்சு. என்ன, அவரு பேசுனதுல பாதி எங்கிட்ட, பாதி குதிரைகிட்ட. எது எதுக்குன்னு நான் பிரிச்சுப் படிக்கல.

போடிக்கு எறங்க எறங்க எனக்கே லேசாச் சந்தேகம் வந்துருச்சு. துணைக்கு ஒரு ஆளு இருந்தா நல்லதுன்னு மளிகைக்கடை ராவுத்தர்கிட்டப் போனேன். உங்களுக்கு இந்துஸ்தானி வருமில்ல, ஒரு எட்டு வாங்க பாய்னு கூப்புட்டேன்.

அவரு வெல்லத்தை நிறுத்துக்கிட்டே சொன்னாரு: "தொழுகைக்கு அரபி, யாவாரத்துக்குத் தமிழு. வீட்டுல வைய்யுறதும் தமிழுதான் அப்பு. இந்துஸ்தானிக்கு நான் எங்க போறது? நீதான் பெரிய ஆளாச்சே, போ."

போனேன்.

ராம்தீன்னு அவருக்குப் பேரு. தலையில பெரிய முண்டாசு, நரைச்ச மீசை, முன்னால ஒரு துணி விரிச்சு அதுல புடுங்குன பல்லை எல்லாம் பரப்பி வச்சிருந்தாரு. பக்கத்துல தோல்பை. அதுக்குள்ள சின்னக் குறடு, நடுக்குறடு, பெரிய குறடு. பெரிய குறடைப் பாத்தா பல்லுக்குச் செஞ்சதாத் தெரியல. வண்டிச் சக்கரத்துல கடையாணி புடுங்குற சாமானாட்டம் இருந்துச்சு.

நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, என் மொதலாளிக்குப் பல்லுப் புடுங்கணும்னு சொல்லப் போனேன். அங்கனயே மொதக் கல்லு தட்டுச்சு. மொதலாளிக்கு இந்துஸ்தானியில என்ன சொல்லு? லாயத்துல தொரைகளை எல்லாம் சாப்னுதான் சொல்லுவோம். அது வெள்ளைக்காரனுக்கு. நம்ம மொதலாளியை அப்படிச் சொன்னா வேற யாரையோ நெனச்சுக்குவாருன்னு, அந்த எடத்துல மட்டும் தமிழையே போட்டுக்கிட்டேன்.

"மேரே மொதலாளிகூ தாந்த் நிகால்னா ஹோனா."

காசிம் பாய் பாஷையில இது சுத்தமான பேச்சு. மேரேன்னா என்னோட. தாந்த்னா பல்லு. நிகால்னான்னா எடுக்குறது. ஹோனான்னா வேணும். 

ராம்தீன் என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. அப்புறம் என் வாயைப் பாத்தாரு. ரொம்ப எரக்கமாப் பாத்தாரு. "தரத் பா?"ன்னு கேட்டாரு.

தரத்துன்னா வலின்னு எனக்குத் தெரியும். அந்தப் பா எதுக்குன்னு தெரியல. மொதலாளிக்கு வலி இருக்கான்னு கேக்குறாருன்னு எடுத்துக்கிட்டு, "ஹௌ, போத் போத்"துன்னேன். ஆமா, ரொம்ப ரொம்பன்னு அர்த்தம். அவரு ச்சூ கொட்டிட்டு, மடியில இருந்து ஒரு கிராம்பை எடுத்து என் கையில குடுத்தாரு. வடக்கத்திக்காரங்க மரியாதை தெரிஞ்சவங்கன்னு நெனச்சுக்கிட்டே வாயில போட்டு மென்னேன்.

மலைக்கு வரணும்னு கையைக் காட்டுனேன். "ஹம் சலப்"புன்னாரு. 

கெளம்புறதாத் தெரிஞ்சுச்சு, ஆனா காசிம் பாய் பாஷையில ஹம்முன்னா நாங்கன்னு அர்த்தம். அப்படின்னா இவரோட இன்னும் ஆளுக இருக்காக போல. சுத்திப் பாத்தேன், யாரையும் காணோம். குளிக்கக் கிளிக்கப் போயிருப்பாக, பின்னால வருவாகன்னு முடிவு கட்டி, மலைக்குச் சொமை ஏத்திட்டுப் போன ஆளுகிட்ட சொல்லிவிட்டேன்: வடக்கத்திக்காரங்க நாலஞ்சு பேரு வர்றாக, சோறு கூடப் பொங்கச் சொல்லுன்னு.

குரங்கணி வரைக்கும் மாட்டுவண்டி. அங்க எறங்குனதும் பசியா இருக்குமேன்னு இட்டிலிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கணும். "க்யா ஹோனா?"ன்னு கேட்டேன்.

ராம்தீன் அப்படியே அசந்து போய் நின்னுட்டாரு. மலையைப் பாத்தாரு. வானத்தைப் பாத்தாரு. ஒரு பெருமூச்சு விட்டு, "ஜோ ஹோயி, ஸோ ஹோயி"ன்னாரு.

நான் கடைக்கார ஆத்தாகிட்ட திரும்பி, ஜோகோயி ஒண்ணு, சோகோயி ஒண்ணு இருக்கான்னு கேட்டேன். அது எங்க குலத்துலயே இல்லப்பா, இட்டிலிதான் இருக்குன்னுச்சு. இட்டிலியை வச்சோம். ராம்தீன் தின்னாரு. எனக்கு ஒரு இட்டிலியைப் பிச்சு, சட்டினியில நல்லா ஊறப்போட்டு, கொழந்தைக்குக் குடுக்குறாப்புல மெதுவா மெல்லச் சொல்லிச் சைகை காட்டுனாரு. நல்ல மனுசன்னு நானும் மெதுவா மென்னேன்.

குரங்கணியில நம்ம தோட்டத்து மட்டக்குதிரையைக் கட்டிப் போட்டிருந்தேன். அவரைக் குதிரையில ஏத்தி, தோல்பையைச் சேணத்துல மாட்டி, நான் பின்னால நடந்தேன்.

அந்தப் பாதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பாத்தாத் தலை சுத்தும். ஏறிக்கிட்டே போற பாதை, ஓடை வர்ற எடத்துல மட்டும் திடீர்னு கீழ எறங்கும். அங்க போனதும் குதிரை தண்ணியைப் பாத்துட்டு வெரசா எட்டு வச்சுச்சு. மெதுவா, மெதுவான்னு சொல்லணும். காசிம் பாய் குதிரையை ஓட்டயில சொல்ற சொல்லு ஞாபகம் வந்துச்சு.

"ஹல்லு, ஹல்லு"ன்னு கத்துனேன்.

ராம்தீன் திரும்பிப் பாத்தாரு. கண்ணு ரெண்டும் முட்டையாட்டம் ஆயிருச்சு. "ஹல்லா?"ன்னு கேட்டாரு.

புரிஞ்சிருச்சுன்னு எனக்குச் சந்தோசம். "ஹௌ, ஹௌ, ஹல்லு"ன்னு ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டுப் பின்னாலயே ஓடுனேன்.

அவரு குதிரை வயித்துல ரெண்டு காலாலயும் ஒரு ஒதை விட்டாரு பாருங்க. அந்தக் குதிரை வாங்குன நாள்ல இருந்து ஓடுனதே இல்ல. அன்னைக்கு ஓடுச்சு. ஓடையைத் தாவி, அங்கிட்டு மேட்டுல ஏறிப் போயிருச்சு. மாட்டியிருந்த தோல்பை தெறிச்சுக் கவுந்து, சின்னக் குறடும் நடுக்குறடும் பாறையில கிணுங் கிணுங்குன்னு தட்டிக்கிட்டே பள்ளத்துக்குள்ள போனதை நான் நின்னு பாத்தேன். எறங்கி எடுக்குற பள்ளமில்ல அது.

நான் ஓடி மேல போனா, தோட்டத்து எல்லையில ஒரு பலாமரத்துக்குப் பின்னால அவரு ஒளிஞ்சு நிக்கிறாரு. கையில பெரிய குறடு. அடிக்கிறதுக்குத் தயாரா ஓங்கி வச்சிருக்காரு. எனக்குப் பின்னால யாராச்சும் வர்றாங்களான்னு எட்டி எட்டிப் பாத்தாரு. யாருமில்லன்னு தெரிஞ்சதும் என் தோளைத் தட்டிக் குடுத்தாரு. அவரைக் காப்பாத்தினதுக்கு நன்றி சொல்றாருன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுச்சு. அப்ப நான், ஏறிக் களைச்ச ஆளுன்னு தட்டிக் குடுக்குறாருன்னு நெனச்சேன்.

தோட்டத்துல ஒரு அண்டாச் சோறு பொங்கி வச்சிருந்தாக. மொதலாளி கன்னத்துல துணியைக் கட்டிக்கிட்டு நாக்காலியில ஒக்காந்திருந்தாரு. மத்தவனுக எங்கடான்னு கேட்டாரு. பின்னால வர்றாக மொதலாளின்னேன். அவரு ஒத்தக் கண்ணால பாதையைப் பாத்தாரு. அப்புறம் ராம்தீன் கையில இருந்த குறடைப் பாத்தாரு. அதுக்கப்புறம் வாயை இறுக்க மூடிக்கிட்டாரு.

பல்லு வலியை விடப் பயம் பெருசாப் போச்சு அவருக்கு. வாயைத் தொறக்க மாட்டேன்னுட்டாரு. ஒதட்டோரமாத்தான் பேசுனாரு.

"மொதல்ல எந்தப் பல்லுன்னு அந்தாளுக்கு வெளங்கச் சொல்லு. எடம் மாறிப் புடுங்கிறப் போறான்."

சரியான பேச்சுத்தானே. மொதலாளி வாயைத் தொறக்காததால, என் வாயில காட்டுறதைத் தவிர வேற வழி தெரியல. ராம்தீன் முன்னால முக்காலியைப் போட்டு ஒக்காந்தேன். வாயை ஆன்னு தொறந்தேன். மேல்வரிசைக் கோரைப்பல்லுல வெரலை வச்சேன்.

"யெயிச் தாந்த்"ன்னேன். இதே பல்லுத்தான்.

ராம்தீன் குனிஞ்சு பாத்தாரு. பல்லைத் தட்டிப் பாத்தாரு. கொஞ்சம் யோசிச்சாரு. பல்லு நல்லாத்தானே இருக்குன்னு அவருக்கும் தோணியிருக்கும். ஆனா வலின்னு சொல்ற ஆளு, கிராம்பு மென்ன ஆளு, மலை ஏறி வீட்டுக்கே கூட்டிட்டு வந்த ஆளு. அவரு என்ன செய்வாரு? முண்டாசை அவுத்து வச்சாரு. கையைக் கழுவுனாரு. என் நெத்தியில கையை வச்சுத் தலையைச் சாய்ச்சாரு.

குறடு கிட்ட வந்தப்பத்தான் எனக்குச் சேதி வெளங்குச்சு.

நான் வாயை டப்புன்னு மூடிக்கிட்டேன். வேணாம், வேணாம்னு சொல்லணும். காசிம் பாய் பாஷையில வேணாம்ங்குறதுக்கு நக்கோன்னு பேரு. பல்லைக் கடிச்சுக்கிட்டே, "நக்கோ, நக்கோ"ன்னேன்.

அவரு குறடை நிப்பாட்டி, "நாக் கோ?"ன்னு கேட்டாரு.

அப்பாடான்னு இருந்துச்சு. பலமாத் தலையை ஆட்டி, "ஹௌ, நக்கோ"ன்னேன்.

அவரு இடது கையால என் மூக்கைப் பொத்திப் புடிச்சுட்டாரு.

மூக்கைப் புடிச்சா மனுசன் எம்புட்டு நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியும்? நானும் தாக்குப் புடிச்சுப் பாத்தேன். கண்ணு பிதுங்குச்சு. காது அடைச்சுச்சு. கடைசியில மூச்சு வாங்க வாயைத் தொறந்தேன். 

அந்த மனுசன் கையில வித்தை இருக்கு, அதுல கொறை சொல்ல மாட்டேன். கடையாணிக் குறடுதான், ஆனா ஒரே திருகு. சத்தம்கூட எனக்குக் கேக்கல, காய் பொறுக்கிக்கிட்டு இருந்த பொம்பளையாளுகளுக்குக் கேட்டுச்சாம்.

கோரைப்பல்லு, வேரோட, ஒரு சொத்தை இல்லாம, வெள்ளை வெளேர்னு அவரு உள்ளங்கையில கெடந்துச்சு. அதை எங்கிட்டயே நீட்டுனாரு.

நான் ரத்தத்தைத் துப்பிட்டு மொதலாளியைத் திரும்பிப் பாத்தேன். அவரு தோளு குலுங்குது. அழுகுறாருன்னு நெனச்சேன். எனக்காக ஒரு மனுசன் அழுகுறாரேன்னு ஆறுதல் சொல்ல எந்திரிச்சேன். அழுகல. சிரிக்கிறாரு. வாயைத் தொறக்காமச் சிரிச்சுப் பாத்தாரு, முடியல. கட்டியிருந்த துணி அவுந்து விழ, நாக்காலியில இருந்து சரிஞ்சு விழுந்து சிரிச்சாரு. சிரிச்ச சிரிப்புல கன்னத்துக்குள்ள இருந்த சீக்கட்டி ஒடைஞ்சிருச்சு. அவ்வளவையும் துப்பிட்டு எந்திரிச்சு ஒக்காந்தாரு. வீக்கம் வடிஞ்சு, மூடியிருந்த கண்ணும் தொறந்துருச்சு.

"வலி போச்சுடா வீரணா"ன்னாரு.

எனக்கு வந்துருச்சு மொதலாளின்னு சொல்லப் பாத்தேன். காத்துதான் வந்துச்சு.

அந்த நேரத்துல பக்கத்துத் தோட்டத்து வாச்சர் குட்டப்பன் வந்து சேந்தாரு. மலையாளத்துக்காரரு. பட்டாளத்துல சேந்து வடக்க ரொம்ப காலம் இருந்தவரு. வடக்கத்திக்காரங்க நாலஞ்சு பேரு வர்றாங்கன்னு நான் சொல்லிவிட்ட சேதி அவரு காதுக்கும் போயிருக்கு. இந்துஸ்தானி பேசி நாளாச்சேன்னு ஆசையா ஓடியாந்திருக்காரு. கொஞ்சம் வெரசா ஓடியாந்திருந்தா எனக்கு இன்னொரு பல்லு இருந்திருக்கும்.

அவரும் ராம்தீனும் ஒக்காந்து பேசுனாக, பேசுனாக, பேசிக்கிட்டே இருந்தாக. இடையிடையே ரெண்டு பேரும் என்னையத் திரும்பிப் பாத்தாக. ராம்தீன் தலையில அடிச்சுக்கிட்டாரு. குட்டப்பன் வயித்தைப் புடிச்சுக்கிட்டாரு.

அப்புறம் குட்டப்பன் எனக்கு விசயத்தைச் சொன்னாரு. நான் பேசுனது வேலூரு, ஆர்க்காடு, ஐதராபாத்துப் பக்கத்து தக்கணத்து இந்துஸ்தானியாம். மொதலாளிங்குற தமிழு ராம்தீனுக்கு வெளங்காததால, எனக்குத்தான் பல்லுப் புடுங்கணும்னு எடுத்துக்கிட்டாராம். என் பாஷையில ஹோனான்னா வேணும். காசிப் பக்கத்துல நடக்கப் போறதுன்னு அர்த்தம். இட்டிலிக் கடையில நான் அவரைப் பாத்து, இனி என்ன நடக்குமோன்னு கேட்டிருக்கேன். அவரும் நடக்குறது நடக்கும்னு எனக்குத் தைரியம் சொல்லியிருக்காரு. ஹல்லான்னா காசிப் பக்கத்துல கொள்ளைக்காரன் பாயுறது. நக்கோன்னு அங்க சொல்லே கெடையாது. நாக்குன்னா மூக்கு, நாக் கோன்னா மூக்கை. மூக்கைப் புடிச்சுக்கிட்டா வலி தெரியாதுன்னு இந்த ஊரு வழக்கம் போலன்னு அவரு நெனச்சிருக்காரு. ஹம்முன்னா அவுக பக்கத்துல நான். அவரு ஒத்தை ஆளுதான்.

அதுக்குள்ள ராம்தீன் இன்னொண்ணு சொன்னாரு. குட்டப்பன் அதையும் எனக்குச் சொன்னாரு.

"எடோ, ஒனக்கு இந்துஸ்தானி அறியும்னு அவன் நெனைக்கவே இல்ல கேட்டோ. போடியில இருந்து நீ பேசுனது முழுக்கத் தமிழுன்னுதான் நெனச்சானாம். தமிழுல எங்க இந்துஸ்தானி வார்த்தையும் நாலஞ்சு இருக்கே, கேக்க எனிக்கு நல்லா இருந்துச்சுன்னு சொல்றான்."

மொதலாளி மறுபடியும் நாக்காலியில இருந்து சரிஞ்சாரு.

அண்டாச் சோத்துல ராம்தீன் ரெண்டு தடவை வாங்கித் தின்னாரு. குட்டப்பன் மூணு தடவை. மொதலாளி ரொம்ப நாளைக்கப்புறம் கையால பெசஞ்சு சோறு தின்னாரு. பறிப்புக்கு வந்த பொம்பளையாளுக யாரும் மலையை விட்டு எறங்கல. எறங்குறதா இருந்தவுக கூட என் வாயைப் பாக்குறதுக்காகவே நின்னுட்டாக. நான் மட்டும் கஞ்சியை ஒரு பக்கமாச் சாய்ச்சு ஊத்திக்கிட்டேன்.

மறுநா காலையில குட்டப்பன்தான் ராம்தீனைக் கீழ கொண்டு போய் விட்டாரு. என்னையப் போகச் சொல்லி யாரும் கேக்கல.

அதுக்கு அடுத்த மாசம் ராசிங்காபுரத்துல எனக்குப் பொண்ணு பாத்தாக. பொண்ணு வீட்டுல எங்க அய்யாவும் ஆத்தாவும் பேசுனாக. எங்கிட்ட என்ன கேட்டாலும் நான் ஓட்டைப் பல்லு தெரிஞ்சிரக் கூடாதேன்னு வாயைத் தொறக்காம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு லேசா ஆட்டுனேன். காப்பியைக்கூட கையால வாயை மறைச்சுக்கிட்டுத்தான் குடிச்சேன். பொண்ணோட அய்யாவுக்குப் புடிச்சுப் போச்சு. இந்தக் காலத்துல இம்புட்டு அடக்கமான பையன் எங்க கெடைப்பான்னு சொல்லி, அன்னைக்கே வெத்தலை பாக்கு மாத்திட்டாரு.

என் பொஞ்சாதி அந்த அடக்கமான பையனை இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கா.